ஆபரேஷனா, டயட்டும் நடையுமா? உடல் எடை ரொம்ப அதிகமா இருக்கிறவங்க முடிவெடுக்கிறது எப்படி

எடை நூறைத் தாண்டினவங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க, வழியில பாக்குற எல்லார்கிட்டயும் ஒரு வைத்தியம் இருக்கும். ஒருத்தர் "வாயைக் கட்டு, தினமும் நட, தானா இறங்கும்"னுவாரு, இன்னொருத்தர் "எதுக்கு இந்தப் பாடு, ஆபரேஷன் பண்ணிக்கோ, ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும்"னுவாரு. ரெண்டு பேரும் நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா ரெண்டும் தப்பு. என் அக்கா பத்து வருஷம் டயட்டோட மல்லுக்கட்டிட்டு அப்புறம்தான் ஆபரேஷனுக்குப் போனா, நான் ஆபரேஷன் இல்லாம சாப்பாட்டையும் நடையையும் மாத்தி எடையை இறக்கி வச்சிருக்கேன், ஒரே வீட்ல பொறந்தவங்கதான், ஆனா அவளுக்கு சரியானது எனக்கு தேவைப்படல, எனக்கு போதுமானது அவளுக்கு போதல. ஏன் அப்படின்னு நாங்க புரிஞ்சுக்க ரொம்ப வருஷம் ஆச்சு, அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் வேலை ஒரு நோட்டு எடுங்க. இன்னைய எடை, உயரம், வாழ்க்கையிலயே அதிகமா இருந்த எடை, இதுவரைக்கும் எத்தனை தடவை குறைச்சீங்க, ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோ, அது எத்தனை மாசம் நின்னுச்சு, இவ்வளவையும் எழுதுங்க. அப்புறம் நோய் எல்லாம், சுகர் இருந்தா எத்தனை வருஷமா, மாத்திரையா இன்சுலினா, பிரஷர், மூட்டு வலி, கொழுப்பு ஈரல், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சினை. இந்தக் கடைசியை நிறைய பேர் விட்டுடுவாங்க, ஏன்னா அது தூங்குறவங்களுக்குத் தெரியாது, பக்கத்துல படுக்கிறவங்களைத்தான் கேக்கணும். என் அக்கா குறட்டை விட்டுட்டே இருப்பா, திடீர்னு சத்தம் நின்னுடும், நான் இருட்டுல எண்ணிட்டு இருப்பேன், பதினஞ்சு இருபது வரைக்கும் போகும், அப்புறம் ஒரு பெரிய மூச்சை இழுத்துட்டு மறுபடி ஆரம்பிப்பா. அது வெறும் குறட்டை இல்ல, ஸ்லீப் ஆப்னியான்னு டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது.

பிஎம்ஐன்னா உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற நம்பர், அதைப் போடத் தெரியாதவங்களுக்கு: எடையை கிலோவுல எடுத்து, மீட்டர்ல இருக்கிற உயரத்தால ரெண்டு தடவை வகுக்கணும். அக்கா 121 கிலோ, 1.60 மீட்டர். 121-ஐ 1.6-ஆல வகுத்து, வர்றதை மறுபடி 1.6-ஆல வகுத்தா 47. நான் 96 கிலோ, 1.72 மீட்டர், அது 32. பேச்சுவாக்குல ரெண்டு பேருமே "குண்டு"தான், ஆனா மருத்துவத்துல இது ரெண்டும் வேற வேற ஊரு. 1991-ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனம் போட்ட வரம்பு என்னன்னா, பிஎம்ஐ 40-க்கு மேல இருந்தா ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம், 35-க்கு மேல இருந்து கூட நோயும் இருந்தா யோசிக்கலாம். 2022-ல சர்ஜன்கள் சங்கங்கள் அதைத் தளர்த்திட்டாங்க, 35 இருந்தாலே நோய் இருக்கோ இல்லையோ சொல்லலாம், 30-க்கு மேல சுகர் மாதிரி நோய் இருந்தா யோசிக்கலாம், ஆசிய உடம்புக்காரங்களுக்கு 27.5-லேயே பேசலாம்னு. ஆசியக்காரங்களுக்கு குறைச்சது ஏன்னா நம்ம உடம்புல குறைஞ்ச எடையிலேயே வயித்துல கொழுப்பு சேர்ந்து சுகர் வந்துடுது. இந்த நம்பர் கதவைத் திறக்கும், அவ்ளோதான், உள்ள போகணுமா வேணாமாங்கிறதை அது சொல்லாது.

அடுத்து நோட்டுல எழுதின பழைய முயற்சிகளைப் பாருங்க. இங்கதான் எல்லாரும் மனசு உடைஞ்சு போறாங்க. அக்கா நோட்டுல மூணு தடவை 12 கிலோ, 15 கிலோ, 11 கிலோன்னு இருந்துச்சு, மூணு தடவையும் ரெண்டு வருஷத்துக்குள்ள போனது அத்தனையும் திரும்பி வந்து மேல நாலஞ்சு கிலோ கூடவும் ஏறிடுச்சு. "எனக்கு கட்டுப்பாடே இல்ல"ன்னு அவ அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா உள்ள நடக்கிறது வேற. எடை குறைஞ்சா உடம்பு அதைப் பஞ்சம்னு எடுத்துக்குது. பசியைத் தூண்டுற கிரெலின் கூடுது, வயிறு நிறைஞ்சதைச் சொல்ற ஹார்மோன்கள் குறையுது, 2011-ல வந்த ஒரு ஆராய்ச்சில எடை குறைச்சு ஒரு வருஷம் ஆன பிறகும் இந்த மாற்றம் பழைய நிலைக்குத் திரும்பலன்னு பாத்தாங்க. அமெரிக்க டிவில எடை குறைக்கிற போட்டில கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு சோதிச்சப்ப, அவங்க உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற கலோரி எதிர்பார்த்ததைவிட நாளுக்கு கிட்டத்தட்ட 500 குறைவா இருந்துச்சு. ஒரு வேளைச் சாப்பாட்டு அளவு அது. அவ்வளவையும் தினமும் ஆயுசுக்கும் பசியோட ஈடுகட்டணும்னா எத்தனை பேரால முடியும், நீங்களே சொல்லுங்க.

அப்ப டயட், நடை எல்லாம் வீணான்னு கேட்டா, இல்லவே இல்ல. அது என்ன தரும், என்ன தராதுன்னு சரியா தெரிஞ்சுக்கிட்டா போதும். லுக் அஹெட்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, சுகர் இருக்கிற 5,145 பேர், அதுல பாதி பேருக்கு டயட்டீஷியன், உடற்பயிற்சி, கூட்டம் போட்டு ஆலோசனைன்னு வருஷக்கணக்கா கவனிச்சாங்க. முதல் வருஷம் சராசரியா 8.6 சதவீதம் குறைஞ்சுது, 2012-ல முடிக்கும்போது 6 சதவீதம் நின்னுச்சு. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் குறையல, ஆனா ஸ்லீப் ஆப்னியா, நடமாட்டம், மருந்துத் தேவை இதெல்லாம் நல்லாவே மாறுச்சு. இன்னொண்ணு, சுகர் வர்றதுக்கு முந்தின கட்டத்துல இருக்கிறவங்க கொஞ்சம் எடை குறைச்சு வாரம் 150 நிமிஷம் நடந்தா சுகர் வர்ற வாய்ப்பு 58 சதவீதம் குறையுதுன்னு 2002-லேயே காட்டிட்டாங்க. சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆராய்ச்சி, டாக்டர் கண்காணிப்புல மூணுலேருந்து அஞ்சு மாசம் நாளுக்கு 850 கலோரி வாக்குல கொடுத்தாங்க, ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துடுச்சு, ரெண்டாவது வருஷம் 36 சதவீதம். அதனால பிஎம்ஐ முப்பதுகள்ல இருந்து, சுகர் புதுசா வந்திருந்தா, முதல்ல இந்த வழியை முழு மூச்சா பாருங்க. நான் 9 கிலோ குறைச்சேன், அதுலயே பிரஷர் மாத்திரை பாதியாச்சு.

ஆனா இந்த 6 சதவீதத்தை அக்காவோட 121 கிலோவுல போட்டா 7 கிலோதான் வருது. 114 கிலோவுல அவ முட்டி வலி போகுமா, மூச்சு நிக்கிறது போகுமா? இந்தக் கணக்கைத்தான் நீங்களும் போடணும். உங்க நோய் சரியாக எத்தனை கிலோ போகணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அது பத்து சதவீதத்துக்குள்ளயா இல்ல இருபது முப்பதான்னு பாருங்க.

டயட் வழியை நியாயமா முயற்சி பண்ணிட்டேன்னு எப்ப சொல்லலாம்? நெட்ல பாத்த ஒரு டயட்டை ரெண்டு மாசம் பண்ணது கணக்குல வராது. குறைஞ்சது ஆறு மாசம், ஒரு டயட்டீஷியனோட, வாரா வாரம் எடை குறிச்சு வச்சு. அதுக்கு முன்னாடி தைராய்டு பாத்திருக்கணும், சாப்பிடுற மாத்திரைகளையும் டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும், ஏன்னா ஸ்டீராய்டு, இன்சுலின், மனநல மருந்துகள்ல சிலது எடையை ஏத்தும் (நீங்களா நிறுத்தாதீங்க, மாத்த முடியுமான்னு கேளுங்க). யாருக்கும் தெரியாம ஒரே மூச்சுல நிறைய சாப்பிட்டுட்டு அப்புறம் குற்ற உணர்ச்சில தவிக்கிற பழக்கம் இருந்தா அது தனி நோய், அதுக்கு முதல்ல சிகிச்சை வேணும், வெட்கப்பட ஒண்ணும் இல்ல. 120 கிலோவுல முட்டி வலியோட தினம் ஒரு மணி நேரம் நடன்னு சொல்றது கொடுமை, நாற்காலியில உக்காந்து பண்ற பயிற்சி, தண்ணிக்குள்ள நடக்கிறது, பத்து பத்து நிமிஷமா பிரிச்சு நடக்கிறது இதெல்லாம் போதும்.

இப்ப ஆபரேஷனுக்கு வர்றேன். முதல்ல குழப்பத்தைத் தீர்த்துடுறேன், இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்‌ஷன் கிடையாது, அது அழகுக்காகப் பண்றது, சுகருக்கோ பசிக்கோ அதால ஒண்ணும் ஆகாது. பைபாஸ்னு சொன்னதும் சொந்தக்காரங்க எல்லாம் இதயம்னு பதறுவாங்க, இது இரைப்பை பைபாஸ். இப்ப அதிகமா பண்றது ரெண்டு. ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால் பாகத்துக்கும் மேல வெட்டி எடுத்துட்டு ஒரு குழாய் மாதிரி விடுவாங்க. பைபாஸ்ல மேல ஒரு முட்டை அளவு பையை மட்டும் பிரிச்சு, அதைச் சிறுகுடலோட நேரா இணைச்சுடுவாங்க, சாப்பாடு பழைய இரைப்பையையும் குடலோட முதல் பகுதியையும் தாண்டிப் போகும். ரெண்டுமே சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்லதான் பண்றாங்க. வயித்தைச் சின்னதாக்கிட்டா குறைவா சாப்பிடுவோம், அதான் விஷயம்னு நானும் நினைச்சுட்டு இருந்தேன். அது பாதிதான் உண்மை. கிரெலின் சுரக்கிற இடம் ஸ்லீவ்ல வெட்டின பகுதியோட போயிடுது, பைபாஸ்ல சாப்பாடு சீக்கிரம் குடலுக்குப் போறதால ஜிஎல்பி-1ங்கிற, வயிறு நிறைஞ்சதைச் சொல்ற ஹார்மோன் எகிறுது. அதாவது டயட்ல உங்களுக்கு எதிரா வேலை செய்யுற அதே ஹார்மோன்கள் இதுல உங்க பக்கம் சாயுது. அக்கா சொன்னது இதான்: "முதல் தடவையா பசி என்னைத் துரத்தல."

சதவீதத்துல ஏமாறாதீங்க, இது ரொம்ப முக்கியம். அக்கா முதல்ல போன ஒரு ஆஸ்பத்திரில "65 சதவீதம் குறையும்"னு சொன்னாங்க, அவ 121-ல 65 சதவீதம் போனா 42 கிலோன்னு கணக்குப் போட்டு பயந்துட்டா. அவங்க சொன்னது கூடுதல் எடையில 65 சதவீதம். அவ உயரத்துக்கு பிஎம்ஐ 25-ன்னா 64 கிலோ, அதுக்கு மேல இருக்கிற 57 கிலோதான் கூடுதல், அதுல 65 சதவீதம்னா 37 கிலோ, மொத்த எடையில பாத்தா கிட்டத்தட்ட 31 சதவீதம். டயட் ஆராய்ச்சிகள் எல்லாம் மொத்த எடையிலதான் சொல்லும், ஆஸ்பத்திரி விளம்பரம் கூடுதல் எடையில சொல்லும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஆபரேஷன் நிஜத்தைவிட ரெண்டு மடங்கு பெருசா தெரியும். எப்பவுமே "மொத்த எடையில எவ்வளவு"ன்னு கேளுங்க. பொதுவா ஸ்லீவ்ல முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல 25 சதவீதம் வாக்குல, பைபாஸ்ல 30 வாக்குல, அப்புறம் கொஞ்சம் திரும்ப ஏறும். அக்கா 84 வரைக்கும் இறங்கினா, ஆறு வருஷம் கழிச்சு இப்ப 89.

நீண்ட காலத்துக்கு என்ன ஆகுதுன்னு பாக்க நல்ல ஆதாரம் சுவீடன்ல 1987-ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி, ஆபரேஷன் பண்ண 2,010 பேர், பண்ணாத 2,037 பேர். இருபது வருஷம் கழிச்சும் ஆபரேஷன் பண்ணவங்க 18 சதவீதம் குறைவா இருந்தாங்க, மத்தவங்க எடை கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு. 2020-ல வந்த கணக்குப்படி ஆபரேஷன் பண்ணவங்க சராசரியா மூணு வருஷம் கூட வாழ்ந்தாங்க, ஆனா அப்பவும் சாதாரண ஜனங்களோட ஆயுசு அளவுக்கு வரல. யாருக்கு ஆபரேஷன்னு குலுக்கல் போட்டுப் பிரிச்ச ஆராய்ச்சி இல்ல அது, ஒரே மாதிரி ஆட்களா தேர்ந்தெடுத்து ஒப்பிட்டது, அதையும் மனசுல வச்சுக்கங்க. குலுக்கல்ல பிரிச்சது ஸ்டாம்பீட், சுகர் இருக்கிற 150 பேர், அஞ்சு வருஷம் கழிச்சு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற HbA1c டெஸ்ட் 6 சதவீதத்துக்குள்ள இருந்தது மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 5 சதவீதம், ஸ்லீவ்ல 23, பைபாஸ்ல 29. நூத்துல எழுபது பேருக்கு அந்த அளவுக்கு இறங்கலங்கிறதும் இதுலயே இருக்கு, "சுகர் போயிடும்"னு யாராவது சத்தியம் பண்ணா நம்பாதீங்க.

ஆபத்து உண்டு. ஒரு மாசத்துக்குள்ள இறந்துபோறது ஆயிரத்துல ஒருத்தர்லேருந்து மூணு பேர் வரைக்கும், தையல் போட்ட இடம் கசியலாம், ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். வேகமா எடை இறங்குறதால பித்தப்பைல கல் வரலாம். ஸ்லீவ்ல நெஞ்செரிச்சல் புதுசா வரலாம், ஏற்கனவே இருந்தா மோசமாகலாம், அதனால எதுக்களிப்பு அதிகம் இருக்கிறவங்களுக்கு பைபாஸ்தான் நல்லதுன்னு நிறைய சர்ஜன் சொல்வாங்க. பைபாஸ்ல இனிப்பு சாப்பிட்டா வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயித்தைக் கலக்கும், டம்பிங்னு பேரு. மது ரொம்ப வேகமா ரத்தத்துல ஏறும், பைபாஸுக்கு அப்புறம் சில பேர் குடிக்கு அடிமையாகுறதும் நடக்குது.

அதுக்கப்புறம் வாழ்க்கை. முதல் வாரங்கள்ல அக்கா பக்கத்துல 30 மில்லி மருந்து கப் ஒண்ணு இருக்கும், அதுல தண்ணி ஊத்தி ஒவ்வொரு வாயா உறிஞ்சி ஒரு கப்புக்கு பதினஞ்சு நிமிஷம். கெட்டியா சாப்பிட ஆரம்பிச்ச பிறகு போன்ல இருபது நிமிஷம் டைமர் வச்சு, ஒவ்வொரு வாயையும் கூழாகுற வரைக்கும் மென்னு, நாலு ஸ்பூன். ஒரு நாள் பேச்சு சுவாரசியத்துல ஒரு ஸ்பூன் கூடப் போயிடுச்சு, நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி ஆகி வாஷ்பேசின்கிட்ட அரை மணி நேரம் குனிஞ்சு நின்னா. சாப்பிடும்போது தண்ணி கூடாது, அரை மணி நேரம் இடைவெளி விடணும். புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது. மூணு மாசத்துல சீப்பு நிறைய முடி வந்துச்சு, அது மறுபடி வளரும்னு யாரும் முன்னாடியே சொல்லல. வயித்துலயும் கையிலயும் தோல் தொங்கும், அது உடற்பயிற்சியால போகாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி இதெல்லாம் ஆயுசுக்கும் எடுக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை. இதையெல்லாம் பாத்தவங்க யாரும் ஆபரேஷனைக் குறுக்கு வழின்னு சொல்லமாட்டாங்க.

அதனாலதான் ஆபரேஷன் vs டயட்னு எதிரெதிரா நிறுத்துறதே எனக்குப் பிடிக்கல. ஆபரேஷன் பண்ணாலும் அதே சாப்பாட்டு மாற்றம், அதே நடை வேணும், ஆபரேஷன் செய்யுறது உடம்போட எதிர்ப்பைக் குறைக்கிறது. நடுவுல இப்ப எடை குறைக்கிற ஊசி மருந்துகளும் வந்துடுச்சு, செமாக்ளூடைட் ஆராய்ச்சில 68 வாரத்துல 15 சதவீதம், டிர்செபடைட்ல அதிக டோஸ்ல 72 வாரத்துல 21 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது. ஆனா செமாக்ளூடைட்டை நிறுத்தினவங்களுக்கு ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு. டயட் போதல, ஆபரேஷனுக்கு மனசு வரலன்னா டாக்டர்கிட்ட இதைக் கண்டிப்பா கேளுங்க.

ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியவங்களும் இருக்காங்க. சீக்கிரம் குழந்தை வேணும்னு நினைக்கிறவங்க, ஏன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் வரைக்கும் கர்ப்பம் தள்ளிப்போடணும் (எடை இறங்க இறங்க கரு தங்குற வாய்ப்பு கூடும், பைபாஸுக்கு அப்புறம் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது). மன அழுத்தம் சிகிச்சை இல்லாம இருக்கிறவங்க, குடியை விட முடியாதவங்க. புகை பிடிக்கிறவங்க முன்னாடியே நிறுத்தியாகணும், பைபாஸ்ல குடலை இணைச்ச இடத்துல அது புண்ணை உண்டாக்கும். முட்டி வலிக்கு தினமும் புரூஃபன் மாதிரி மாத்திரை இல்லாம முடியாதுங்கிறவங்களும் சொல்லிடணும், பைபாஸ் பண்ணா அது கூடவே கூடாது. இதுல எதுவும் நிரந்தரத் தடை இல்ல, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வரலாம்.

சர்ஜன்கிட்ட போறப்ப நோட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க, நாங்க கேட்ட கேள்விகள் இதான். வருஷத்துக்கு இதே ஆபரேஷன் எத்தனை பண்றீங்க? எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு? எனக்கு ஸ்லீவா பைபாஸா, ஏன்? டயட்டீஷியனும் மனநல ஆலோசகரும் உங்க குழுவுல இருக்காங்களா? அஞ்சு வருஷம் கழிச்சு உங்க பேஷன்ட்ல எத்தனை பேர் இன்னும் செக்கப்புக்கு வர்றாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு வயித்து வலி வந்தா யாரைக் கூப்பிடணும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பேரும் நம்பரும் சொல்லத் தெரியாத இடத்துல பண்ணாதீங்க. "இந்த வாரமே அட்மிட் ஆகிடுங்க"ன்னு அவசரப்படுத்துற இடத்துலயும் வேணாம், ஈரல் சுருங்கவே ரெண்டு வாரம் போல குறைஞ்ச கலோரி டயட்ல இருக்கச் சொல்வாங்க, அதுக்கு முன்னாடி டெஸ்ட் எல்லாம் இருக்கு, நேரம் எடுக்கும்.

வீட்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. டயட் வழியோ ஆபரேஷன் வழியோ, தட்டுல எட்டிப் பாத்து "இதெல்லாம் சாப்பிடலாமா"ன்னு கேக்காதீங்க, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ"ன்னு வற்புறுத்தவும் செய்யாதீங்க. ஆபரேஷன் பண்ணவங்களைக் கவனிக்க வேண்டிய விதம் வேற. முதல் வாரங்கள்ல காய்ச்சல், நாடித்துடிப்பு நிக்காம வேகமா ஓடுறது, மூச்சுத் திணறல், தோள்பட்டை வரைக்கும் ஏறுற வலி இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ரெண்டு மூணு நாளா விடாம வாந்தி எடுத்தா "வயிறு பழகுது"ன்னு விடாதீங்க, பி1 சத்து குறைஞ்சு நரம்பும் மூளையும் பாதிக்கும், கண்ணு ரெண்டா தெரியுறது, நடை தள்ளாடுறது எல்லாம் அதோட அடையாளம், குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி பி1 கொடுக்கணும்னு டியூட்டி டாக்டருக்கு நினைவுபடுத்துங்க. பைபாஸ் பண்ணவங்களுக்கு வருஷங்கள் கழிச்சுக்கூட திடீர்னு பொறுக்க முடியாத வயித்து வலி வந்தா குடல் உள்ள சிக்கியிருக்கலாம், அப்ப எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசல்லயே சொல்லுங்க, இவங்களுக்கு இரைப்பை பைபாஸ் ஆயிருக்குன்னு. அக்கா அதை ஒரு சின்ன அட்டையில எழுதி, ஆபரேஷன் தேதியோட, பர்ஸ்ல வச்சிருக்கா.